சேற்றில் காலத்தைப் படித்த பீர்பால் சாஹ்னி யார்? கேமரன் மலை ஏரிக்கும் அவர் கதைக்கும் என்ன சம்பந்தம்?

அடுத்த தடவை சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலைக்கு ஏறும்போது, கம்போங் ராஜாவில் வண்டியை நிறுத்தி ஒரு தே தாரிக் குடியுங்கள். அப்படியே பக்கத்தில் ஓடும் தண்ணீரையும் ஒரு நிமிஷம் பாருங்கள். முதல் நாள் நல்ல மழை என்றால், ஆறும் உங்கள் கிளாஸில் இருக்கும் தே தாரிக் நிறத்தில்தான் ஓடும்.

அந்த நிறம் மண்ணுடையது. காய்கறித் தோட்டத்து மண், சாலை வெட்டிய சரிவின் மண், தேயிலைக் காட்டு மண் எல்லாம் சேர்ந்து வரும் நிறம். இந்தப் பக்கத்து ஓடைகள் தெலோம் ஆற்றில் சேர்கின்றன. தெலோம் தண்ணீரில் ஒரு பங்கு மலைக்குள் வெட்டிய சுரங்கம் வழியாகப் பெர்த்தாம் ஆற்றுப் பக்கம் திருப்பப்பட்டு, கடைசியில் ரிங்லெட் ஏரிக்குப் போகிறது. 1963-இல் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் அபு பாக்கார் அணை அங்கே அதைத் தடுத்து நிறுத்துகிறது. தண்ணீர் மின்சாரமாகப் போய்விடும். மண் எங்கே போகும்? அடியில் படிந்துவிடும்.

அணைப் பொறியாளருக்கு அந்தச் சேறு பெரிய தலைவலி. ஆனால் உலகத்தில் இன்னொரு வகை விஞ்ஞானிகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஏரிச் சேறுதான் புத்தகம். மழை எப்போது கூடியது, காடு எப்போது அழிந்தது, மலை எப்போது உயர்ந்தது என்று அதை வைத்துத்தான் சொல்கிறார்கள். இந்தியாவில் அந்தப் புத்தகத்தைப் படிக்கக் கற்றுக்கொடுத்தவர்களில் முதன்மையானவர் பீர்பால் சாஹ்னி. அவர் இறந்து முக்கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. ஆனால் நம்ம மலையைப் புரிந்துகொள்ள அவர் கதை உதவும்.

சேறு எப்படிப் புத்தகமாகிறது?

அடிப்படை ரொம்ப எளிது. ஏரியில் ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் மண் படிகிறது. புதியது மேலே, பழையது கீழே. யாரும் கலக்காத ஏரி என்றால், மேலிருந்து கீழே போகப் போக நீங்கள் காலத்தில் பின்னோக்கிப் போகிறீர்கள். ஒரு நீளமான குழாயைச் சேற்றுக்குள் இறக்கி, உள்ளே சிக்கும் மண் உருளையை அப்படியே வெளியே எடுத்து, சென்டிமீட்டர் சென்டிமீட்டராக வெட்டிப் பார்க்கிறார்கள்.

உள்ளே என்ன இருக்கும்? முதலில் மகரந்தம். செடிகள் விடும் இந்தத் தூளின் மேல்தோல் ரொம்பக் கெட்டியானது. காற்று புகாத சேற்றுக்குள் ஆயிரக்கணக்கான வருஷம் கெடாமல் கிடக்கும். புல்லின் மகரந்தம் ஒரு மாதிரி, மரத்தின் மகரந்தம் வேறு மாதிரி. மைக்ராஸ்கோப்பில் எண்ணினால் அந்தக் காலத்தில் சுற்றிலும் காடு இருந்ததா, புல்வெளி இருந்ததா என்று தெரியும். கரித்துகள் கூடினால் தீ எரிந்திருக்கிறது. மணல் பட்டை தெரிந்தால் பெரிய வெள்ளம் வந்திருக்கலாம். டயட்டம் என்ற நுண்ணிய பாசியின் கண்ணாடி ஓடுகள், தண்ணீர் ஆழமாக இருந்ததா, சுத்தமாக இருந்ததா என்று சொல்லும்.

மகரந்தத்தை இப்படி எண்ணிப் பழைய காடுகளை மீட்டெடுக்கும் முறையை ஸ்வீடன் நாட்டு லென்னார்ட் வான் போஸ்ட் 1916-இல் விஞ்ஞானிகள் முன் வைத்தார். அப்போது பீர்பால் சாஹ்னிக்கு வயது 25-ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. இங்கிலாந்தில் பழந்தாவரங்களை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

பேராவில் பிறந்த பையன்

1891 நவம்பர் 14, பேரா என்ற ஊர். நம்ம பக்கத்து மாநிலம் இல்லை, இது பஞ்சாபில் இருக்கும் பேரா. இன்று பாகிஸ்தானில் இருக்கிறது. அப்பா ருச்சி ராம் சாஹ்னி, லாகூரில் வேதியியல் பேராசிரியர். விடுமுறை வந்தால் பிள்ளைகளை இமயமலைக்கு நடத்திக் கூட்டிப்போகிற அப்பா. செடி பறிப்பது, கல் பொறுக்குவது, பனிக் கணவாய்களைத் தாண்டுவது என்று வளர்ந்த பையனுக்கு மலையும் தாவரமும் சேர்ந்தே மனத்தில் பதிந்ததில் ஆச்சரியமில்லை.

லாகூர் அரசுக் கல்லூரியில் படித்துவிட்டு 1911-இல் கேம்பிரிட்ஜுக்குப் போனார். அங்கே ஏ.சி. ஸீவர்ட் என்ற பெரிய பழந்தாவரவியல் அறிஞரிடம் சேர்ந்தார். பழந்தாவரவியல் என்றால், கல்லாகிப் போன செடிகளைப் படிக்கும் துறை. 1919-இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டம் வாங்கிக்கொண்டு நாடு திரும்பினார். 1920-இல் சாவித்திரி சூரியைத் திருமணம் செய்துகொண்டார். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கதையின் முடிவில் திரும்ப வருவார்.

காசியிலும் லாகூரிலும் கொஞ்ச காலம் பாடம் நடத்தினார். 1921-இல் லக்னோ பல்கலைக்கழகத்தின் முதல் தாவரவியல் பேராசிரியரானார். சாகும்வரை லக்னோதான் அவர் ஊர். 1936-இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது.

காஷ்மீரில் ஒரு ஓக் இலை

ஏரிச் சேறு சாஹ்னியின் கதைக்குள் வருவது காஷ்மீரில். ஸ்ரீநகர் போனவர்கள் சுற்றிலும் தட்டையான மண் மேடுகளைப் பார்த்திருப்பார்கள். குங்குமப்பூ விளைவது அந்த மேடுகளில்தான். பெயர் கரேவா. காஷ்மீர்ப் பள்ளத்தாக்கே ஒரு காலத்தில் ஏரியாக இருந்தது என்று அந்த ஊர்ப் புராணக் கதை சொல்கிறது. மண்ணும் அதையே சொல்கிறது. சுமார் 4 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் படியத் தொடங்கிய பழைய ஏரிச் சேறுதான் கரேவா.

அந்தச் சேற்றுக்குள் இலைகள் அச்சுப் பதித்த மாதிரி கிடந்தன. அவற்றில் ஓக் இலைகளும் இருந்தன. இங்கேதான் சிக்கல். இன்றைய காஷ்மீர்ப் பள்ளத்தாக்கில் ஓக் மரம் இயற்கையாக வளர்வதில்லை. பீர் பாஞ்சால் மலைத்தொடருக்குத் தெற்கே, பருவமழை படும் சரிவுகளில் வளர்கிறது. அப்படியென்றால் பள்ளத்தாக்குக்குள் ஓக் எப்படி வந்தது?

இன்னொரு புதிர். ஏரியில் மிதந்து வளரும் நீர்க்கொட்டை என்ற செடியின் காய்களும் கரேவா படிவில் இருந்தன. இன்றைக்கும் காஷ்மீரின் வூலர் ஏரியில் மக்கள் பறித்துச் சாப்பிடும் காய்தான். ஆனால் இப்படிப்பட்ட ஏரித் தாவரங்களின் எச்சங்கள், 3,000 மீட்டரை எட்டும் குளிர்ந்த மலைச் சரிவுகளிலும் கிடைத்தன. அந்த உயரத்தில் அவை வளர வாய்ப்பில்லை.

செடி மலையேறிப் போயிருக்காது. மலைதான் செடியைத் தூக்கிக்கொண்டு உயர்ந்திருக்கிறது. 1936-இல் சாஹ்னி எழுதிய கட்டுரைகளின் மையம் இதுதான். கரேவா ஏரி இருந்த காலத்தில் பீர் பாஞ்சால் இவ்வளவு உயரமில்லை. மழை மேகம் பள்ளத்தாக்குக்குள் வந்துபோனது, ஓக் வளர்ந்தது. பிறகு மலை உயர்ந்து மழையை மறித்தது, ஓக் மறைந்தது. அவருடைய மாணவர் ஜி.எஸ். பூரி பிறகு கரேவா இலைகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து இந்தப் படத்தை விரிவாக்கினார். மனித இனம் தோன்றிய பிறகும் இமயம் உயர்ந்துகொண்டிருந்தது என்ற எண்ணம் அன்று பலருக்கும் புதுசு.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. ஒரு இலையிலிருந்து மரம், மரத்திலிருந்து மழை, மழையிலிருந்து மலையின் உயரம். இன்றைக்கும் ஏரிச் சேற்றை ஆராய்கிறவர்கள் இந்தப் பாதையில்தான் நடக்கிறார்கள்.

இதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. ஓக் குடும்பத்து மரங்கள் நம்ம கேமரன் மலைக் காட்டிலும் இருக்கின்றன. மலாயில் மெம்பெனிங் என்பார்கள். பிரிஞ்சாங் பக்கம் காட்டுப் பாதையில் தொப்பி போட்ட மாதிரி ஒரு கொட்டை காலில் தட்டுப்பட்டால், அது அந்தக் குடும்பம்தான்.

நடு இந்தியாவில் நிப்பா

அடுத்த புதிர் மத்திய இந்தியாவில். அங்கே பழங்கால எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக உறைந்து கிடக்கிறது. தக்காணப் பாறை என்பது அதுதான். ஒரு வெடிப்புக்கும் அடுத்த வெடிப்புக்கும் நடுவில் இருந்த நீண்ட இடைவெளியில் குழம்பின் மேல் ஏரிகள் உண்டாகிச் சேறு படிந்தது. மறுபடி குழம்பு வந்து மூடியது. சாண்ட்விச் மாதிரி.

சிந்த்வாரா மாவட்டத்தின் மோகாவ் கலான் என்ற ஊரில், அப்படி நடுவில் மாட்டிக்கொண்ட படிவில் கிடைத்த ஒரு காயை சாஹ்னியும் கே.பி. ரோடேயும் 1937-இல் அறிவித்தார்கள். அது நிப்பா பனையின் காய். நிப்பாவை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆற்று முகத்துவாரத்தில், உப்புத் தண்ணீரும் நல்ல தண்ணீரும் கலக்கும் சேற்றில் வளரும். அதன் ஓலைதான் அத்தாப்புக் கூரை. இன்றைக்குக் கடலிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கும் இடத்தில் நிப்பா காய் என்றால், ஒரு காலத்தில் கடலின் கை அதுவரை நீண்டிருக்க வேண்டும். ஒரே ஒரு காய் பழைய கடற்கரை எங்கே இருந்தது என்று காட்டிவிட்டது.

1940-இல் சென்னையில் கூடிய இந்திய அறிவியல் மாநாட்டுக்கு சாஹ்னிதான் தலைவர். அங்கே அவர் தலைமை உரைக்கு எடுத்துக்கொண்ட பொருளும் இந்தத் தக்காணப் பாறைகள்தான்.

செடியோடு மட்டும் நின்றுவிட்டார் என்றும் நினைக்காதீர்கள். ரோத்தக் அருகே ஒரு பழைய மேட்டில் கிடைத்த சுட்ட மண் துண்டுகள், பண்டைய யௌதேயர்கள் காசு வார்த்த அச்சுகள் என்று கண்டுபிடித்து, காசு எப்படி வார்த்தார்கள் என்று தனி நூலே எழுதினார். மண்ணுக்குள் எது இருந்தாலும் அவருக்குப் படிக்க வேண்டும்.

அவர் எங்கே தவறினார்?

பெரிய மனிதர் வரலாறு என்றால் வெற்றிகளை மட்டும் அடுக்கிவிட்டுப் போவது வழக்கம். இங்கே அப்படிச் செய்தால் முக்கியமான பாடம் விட்டுப்போகும்.

தாவரங்களை வைத்து, தக்காணப் பாறைகள் இயோசீன் காலத்தைச் சேர்ந்தவை என்று சாஹ்னி வாதிட்டார். அதாவது டைனோசர்கள் அழிந்து பல மில்லியன் ஆண்டுகளுக்குப் பிறகு வந்தவை. பின்னால் பாறையில் இருக்கும் ஆர்கான் போன்ற தனிமங்களை அளந்து வயது கணிக்கும் முறை வந்தது. பெரும் வெடிப்புகள் சுமார் 66 மில்லியன் ஆண்டுகளுக்கு முன், டைனோசர்கள் அழிந்த காலத்தை ஒட்டியே நடந்தன என்று தெரிந்தது.

பஞ்சாபின் உப்பு மலைத்தொடர் இன்னொரு உதாரணம். அந்த உப்புப் பாறையைக் கரைத்துப் பார்த்தபோது நுண்ணிய தாவரத் துணுக்குகள் கிடைத்தன. அதனால் பாறையின் வயது குறைவு என்று 1940-களில் அவர் வாதிட்டார். இன்று அந்தப் பாறைக்கு 500 மில்லியன் ஆண்டுகளுக்கும் மேல் வயது என்று ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கிறது. அந்தக் காலத்தில் நிலத்தில் மரங்களே கிடையாது. துணுக்குகள் பிற்பாடு வெளியிலிருந்து கலந்தவை.

தாவரத்தை அடையாளம் காண்பதில் அவர் கண் தப்பவில்லை. அவரிடம் இல்லாதது கடிகாரம். அந்த மண்ணும் கல்லும் எத்தனை ஆண்டு பழசு என்று தனியாக அளந்து சொல்ல, அவர் வேலை செய்த காலத்தில் நல்ல வழி இல்லை. ஏரிச் சேற்றுக்கு அந்தக் கடிகாரம் கார்பன்-14. உயிர் போன பிறகு செடியில் இருக்கும் கார்பன்-14 ஒவ்வொரு 5,730 ஆண்டிலும் பாதியாகக் குறையும். மிச்சத்தை அளந்தால், சுமார் 50,000 ஆண்டுகள் வரை வயது சொல்லலாம். வில்லார்ட் லிப்பியும் ஜேம்ஸ் அர்னால்டும், வயது ஏற்கெனவே தெரிந்த பொருள்களில் இதைச் சோதித்து முடிவை வெளியிட்டது 1949 டிசம்பரில்.

சாஹ்னி அதைப் பார்க்கவில்லை.

ஏழு நாள்

பழந்தாவரங்களுக்கென்றே தனி ஆய்வு நிறுவனம் வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. 1946-இல் அதற்கான சங்கமும் நிறுவனமும் உருவாயின. சாஹ்னியும் சாவித்திரியும் தங்கள் சொத்து, நூலகம், வருஷக்கணக்காகச் சேர்த்த தொல்லுயிர்ச் சேகரிப்பு எல்லாவற்றையும் அதற்கே எழுதிக்கொடுத்தார்கள்.

1949 ஏப்ரல் 3. பிரதமர் ஜவஹர்லால் நேரு லக்னோவுக்கு வந்து அடிக்கல் நாட்டினார். அது சாதாரணக் கல் இல்லை. பல இடங்களிலிருந்து சேர்த்த தொல்லுயிர்க் கற்களைப் பதித்துச் செய்த கல். சரியாக ஏழு நாள் கழித்து, ஏப்ரல் 10-ஆம் தேதி, மாரடைப்பில் சாஹ்னி இறந்துபோனார். வயது 57. அடுத்த வருஷம் ஸ்டாக்ஹோமில் கூடவிருந்த அனைத்துலகத் தாவரவியல் மாநாட்டுக்கு அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

கட்டடம் எழும்பவில்லை. நிறுவியவரும் இல்லை. பெரும்பாலான திட்டங்கள் இந்த இடத்தில்தான் நின்றுபோகும். இங்கே நிற்கவில்லை, காரணம் சாவித்திரி. அவர் விஞ்ஞானி இல்லை. ஆனாலும் நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். 1953 ஜனவரியில் புதுக் கட்டடத்தைத் திறந்துவைக்க நேரு மறுபடி வந்தார். சாவித்திரி சுமார் 20 ஆண்டு அந்தப் பொறுப்பில் இருந்தார். பீர்பால் சாஹ்னி தொல்லறிவியல் நிறுவனம் என்ற பெயரில் அது இன்றும் லக்னோவில் நடக்கிறது. இந்தியா முழுக்க ஏரி, சதுப்பு, கழிமுகச் சேறுகளைப் படிக்கிறார்கள்.

தேயிலை மலையின் அடியில்

சாஹ்னிக்குப் பிறகு கடிகாரமும் கையில் கிடைத்தது. அதனால் என்ன மாறியது என்று பார்க்க, இன்னொரு தேயிலை மலைக்குப் போவோம். நீலகிரி.

ஊட்டி பக்கத்தில் மலை மடிப்புகளில் சதுப்புகள் இருக்கின்றன. செத்த புல்லும் இலையும் முழுதாக மக்காமல் அடுக்கடுக்காகச் சேர்ந்த கறுப்பு மண். லக்னோ நிறுவனத்து ஆய்வாளர்கள் 1970-களின் தொடக்கத்திலேயே ஊட்டிச் சதுப்புகளின் மகரந்தத்தை எண்ணினார்கள். 1993-இல் ஆர். சுகுமார் உள்ளிட்ட இந்திய விஞ்ஞானிகள், இதே வகைச் சதுப்பு மண்ணில் இருக்கும் கார்பனின் வகைகளை அளந்து, சுமார் 20,000 ஆண்டு வரலாற்றை நேச்சர் இதழில் வெளியிட்டார்கள்.

கடைசிப் பனியுகம் உச்சத்தில் இருந்தபோது நீலகிரி வறண்டிருந்தது, புல்வெளி பரவியிருந்தது. சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் பருவமழை நன்றாக வலுத்தது. பிறகு மறுபடி தளர்ந்தது. ஆங்கிலேயர் தேயிலை நடுவதற்கு எவ்வளவோ காலம் முன்பே அந்த மலையில் சோலையும் புல்வெளியும் மாறி மாறிக் கைமாற்றிக்கொண்டிருந்தன என்று அந்த மண் சொல்கிறது. பருவமழை எவ்வளவு தூரம் மாறக்கூடியது என்று தெரிந்தால்தான், சூடாகும் உலகத்தில் அது என்ன செய்யும் என்று கணிக்கும் கம்ப்யூட்டர் மாதிரிகளைச் சரிபார்க்க முடியும்.

நம்ம பகாங்கிலும் இப்படி ஒரு புத்தகம் இருக்கிறது. நாட்டின் முதல் ராம்சார் ஈரநிலமான தாசேக் பெராவின் சதுப்பு மண்ணிலும் மகரந்தத்தை எண்ணி, அந்தத் தாழ்நிலக் காட்டின் பழைய கதையை ஆய்வாளர்கள் படித்திருக்கிறார்கள்.

ரிங்லெட் ஏரி என்ன எழுதுகிறது?

இப்போது திரும்ப நம்ம ஏரிக்கு வருவோம். ரிங்லெட் ஏரி கட்டப்பட்டபோது அதன் கொள்ளளவு சுமார் 6.7 மில்லியன் கன மீட்டர். அதில் பெரும் பங்கைச் சேறு பிடித்துக்கொண்டுவிட்டது. இடம் குறைந்தால் திடீர் மழையைத் தாங்கும் சக்தியும் குறையும். 2013 அக்டோபர் 23 அதிகாலை, கனமழையால் நிரம்பிய அணையிலிருந்து தண்ணீர் திறக்கப்பட்டபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்கள் போயின. அடுத்த ஆண்டு நவம்பரில் ரிங்லெட், பெர்த்தாம் பள்ளத்தாக்குப் பகுதிகளை மண்சேற்று வெள்ளம் தாக்கியது.

இந்த ஏரியில் நாளைக்கு ஒருவர் குழாய் இறக்கினால் எதைப் படிப்பார்? முட்டைக்கோஸ் மகரந்தத்தை எதிர்பார்க்க முடியாது, பூப்பதற்குள் அறுத்துவிடுகிறோம். தேயிலையையும் பூக்க விடாமல் கிள்ளிக்கொண்டே இருக்கிறோம். ஆகவே பயிரின் பெயரை விட, மற்ற தடயங்கள்தான் பேசும். காட்டு மரங்களின் மகரந்தம் மேலே வர வரக் குறைகிறதா, வெள்ளம் கொண்டுவந்த மணல் பட்டைகள் எத்தனை, உரத்தின் பாஸ்பரஸ் எங்கே கூடுகிறது, பிளாஸ்டிக் துணுக்கு எந்த ஆழத்தில் தொடங்குகிறது.

இதில் ஒரு இக்கட்டும் இருக்கிறது. கீழே இருக்கும் மக்களின் பாதுகாப்புக்காக ஏரியைத் தூர்வாரித்தான் ஆக வேண்டும். தூர்வாரும்போது அடுக்குகள் கலைந்துபோகும், புத்தகத்தின் பக்கங்கள் கிழிந்துபோகும். அதில் தவறு சொல்ல முடியாது. ஆனால் வாருவதற்கு முன் சில மண் உருளைகளை எடுத்து லேப்பில் பத்திரப்படுத்த முடியும். எந்தச் சரிவிலிருந்து, எந்த வருஷங்களில் அதிக மண் இறங்கியது என்று தெரிந்தால், காட்டை எங்கே விட்டுவைக்க வேண்டும் என்ற பேச்சுக்கும் ஆதாரம் கிடைக்கும்.

காஷ்மீர் ஏரி எழுதியதைப் படிக்க சாஹ்னி வரும்வரை அது சில மில்லியன் ஆண்டுகள் காத்திருந்தது. ரிங்லெட் எழுதத் தொடங்கியது 1963-இல்தான். உங்கள் தாத்தா பாட்டி காலத்துப் பக்கம் அடியில் இருக்கிறது. அப்பா அம்மா காலத்துப் பக்கம் அதற்கு மேலே. கம்போங் ராஜாவில் நீங்கள் பார்த்த அந்தத் தே தாரிக் நிறத் தண்ணீரில் ஒரு பங்கு, இந்த வருஷத்துப் பக்கத்தைச் சேர்க்கக் கீழே போய்க்கொண்டிருக்கிறது.